சொல் என்னும் திறவுகோல்
நிகண்டு முதல் நுழைவுத் தேர்வு வரை: திருச்சிராப்பள்ளி தரும் பாடம்

கல்வி ஒரு கோட்டையாயின் மொழி அதன் வாயில். சொல் அவ்வாயிலின் திறவுகோல். திறவுகோல் இல்லாதவன் எத்துணை அறிவுடையவனாயினும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவனே. இவ்வுண்மையை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். மேனிலைப் படிப்பை முடித்துச் சட்டம், மேலாண்மை போன்ற துறைகளின் உயர்கல்வி நிலையங்களில் இடம் தேடும் மாணவர்கள், கடினமான ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் தொகுத்த தடித்த புத்தகங்களை வாங்கி, நாளொன்றுக்கு இத்தனை சொல் என்று கணக்கு வைத்து நெட்டுருப் போடுவதை நாம் காண்கிறோம். பெற்றோர் சிலர் இதைக் கண்டு வியக்கின்றனர்; சிலர் வருந்துகின்றனர். "இதுவும் ஒரு கல்வியா?" என்று வினவுவோரும் உண்டு.

வினா நியாயமானது. ஆனால் விடை காண்பதற்கு முன், சொற்களை மனனம் செய்து கல்வியின் வாயிலைக் கடக்கும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காவிரியின் ஒரு கரையில் திருச்சிராப்பள்ளியும், ஆற்றிடைத் தீவில் திருவரங்கமும் அமைந்திருக்கும் இச்சிறு நிலப்பரப்பின் வரலாற்றைப் புரட்டினாலே போதும். தமிழ், வடமொழி, அரபு, பார்சி, ஆங்கிலம் என்னும் ஐந்து மொழிகளின் சொற்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக மனனம் செய்யப்பட்டு வந்திருக்கின்றன.

மனனத்தின் பழைய மரபு

அச்சு இயந்திரம் பரவாத காலத்தில் அகராதி என்பது புத்தகத்தில் இருந்ததில்லை. மாணவனின் நெஞ்சில் இருந்தது. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்ற பின், இலக்கியம் பயில விழைவோர் நிகண்டு கற்க வேண்டும். திவாகரமும் பிங்கலமும் பழமையானவை. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டோ விருத்தப்பாவில் அமைந்து ஓசை நயத்தால் நாவில் எளிதில் ஒட்டிக்கொண்டமையால் பள்ளிகளில் பெருவழக்குப் பெற்றது. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகப் பொருள்களை வகுத்து, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் அது தொகுத்துத் தருகிறது. இன்றைய தேர்வாளர் ஒரே பொருள் குறித்த சொற்களையும் பல பொருள் கொண்ட சொற்களையும் கேட்கிறாரே, அதுவே நிகண்டின் பணியும் ஆகும்.

திருவரங்கத்தில் வடமொழி பயின்றோர் அமரகோசத்தைச் சிறு வயதிலேயே மனனம் செய்தனர். அவ்வூர் வைணவ உரையாசிரியர்கள் வடசொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்த மணிப்பிரவாள நடையில் உரை வகுத்தது, இரு மொழிகளின் சொற்களஞ்சியமும் அவர்களுக்கு ஒருங்கே கைவந்திருந்தமையால்தான்.

நம் மத்ரஸாக்களின் நிலையும் இதுவே. 13ஆம் நூற்றாண்டில் அபூ நஸ்ரு ஃபராஹி என்பார், அரபுச் சொற்களுக்குப் பார்சிப் பொருள் கூறும் 'நிஸாபுஸ் ஸிப்யான்' என்ற செய்யுள் நூலைச் சிறுவர்களுக்காகவே இயற்றினார். பார்சி வழிக் கல்வி நடந்த மக்தபுகளில் நெடுங்காலம் அது பாடநூலாக விளங்கியது. அரபு இலக்கணத்தை ஆயிரம் அடிகளில் அடக்கிய இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா'வை முழுதும் மனனம் செய்த ஆலிம்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாழ்ந்திருக்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபும் இரு மொழிச் சொல்வளம் ஒரே நெஞ்சில் குடியிருந்ததற்குச் சான்றாகும்.

ஆகவே, சொல்லை மனனம் செய்வதை இழிவென்று எண்ண நம் மரபில் இடமில்லை. ஆனால் நிகண்டு கற்றவன் அத்துடன் நிற்கவில்லை. காப்பியம் கற்கவே நிகண்டு கற்றான். மத்ரஸா மாணவன் கிதாபுகளை விளங்கவே சொற்களை ஓதினான். சொல் வழியாக இருந்தது, முடிவாக இருந்ததில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தேவை கற்பித்த மொழிகள்

தமிழில் அகர வரிசைப்படி அமைந்த முதல் அகராதி எனப் போற்றப்படும் 'சதுரகராதி'யை வீரமாமுனிவர் 1732இல் இயற்றினார். இத்தாலியில் பிறந்த இப்பாதிரியார் வாழ்ந்து பணியாற்றிய ஏலாக்குறிச்சி, திருச்சியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. திருச்சியைக் கைப்பற்றி ஆண்ட சந்தா சாகிபைக் காண்பதற்காக அவர் பார்சியும் உருதுவும் கற்றார் என்று ஒரு மரபுச் செய்தி வழங்கி வருகிறது.

அவருக்குப் பின் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தார். அப்போது இது ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சிக்குட்பட்ட நகரம். அரசவையின் மொழி பார்சி. தமிழை முன்னரே கற்றிருந்த சுவார்ட்ஸ், நவாபின் அவையினரோடும் முஸ்லிம் மக்களோடும் பேசுவதற்காகப் பார்சியும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்தார். திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மாண்ட படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளி தொடங்கினார். இந்நகரின் ஆங்கிலக் கல்விக்கு அதுவே வித்து எனலாம்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அன்று திருச்சியில் அதிகாரத்தின் மொழி பார்சி. எனவே ஐரோப்பியர் பார்சி கற்றனர். பின்னர் அதிகாரம் கைமாறியது, மொழியும் மாறியது. கற்க வேண்டியவர் யார், கற்பிக்க வேண்டியவர் யார் என்ற முறையும் தலைகீழாயிற்று.

பார்சி போய் ஆங்கிலம் வந்தது

1835 பெப்ரவரியில் மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். கம்பெனி அரசின் கல்விப் பணத்தை அரபுக்கும் வடமொழிக்கும் செலவிடுவதா, ஆங்கிலத்திற்குச் செலவிடுவதா என்பதே அன்றைய வழக்கு. அரபு, வடமொழி நூல்கள் அனைத்தையும் இகழ்ந்துரைத்த அவர், அவ்விரு மொழிகளில் ஒன்றையும் அறியாதவர் என்பது அவரே அதில் ஒப்புக்கொண்ட செய்தி. அடுத்த மாதமே பெண்டிங்க் பிரபு ஆங்கிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1837ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் பார்சி வீற்றிருந்த இடத்தைப் பறித்தது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றோருக்கே முதலிடம் என்று அறிவித்தார். ஒரு பத்தாண்டிற்குள், அரபும் பார்சியும் கற்ற நம் முன்னோரின் கல்வி சந்தையில் செல்லாத நாணயமாயிற்று.

1854இல் வந்த உட் என்பாரின் கல்வி ஆணையைத் தொடர்ந்து 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் நுழைவதற்காக ஏற்பட்ட தேர்வே மெட்ரிகுலேஷன். இன்று நாம் நுழைவுத் தேர்வு என்கிறோமே, நம் நாட்டில் அதன் முதல் வடிவம் இதுவே. கணிதமும் வரலாறும் உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். ஆங்கிலத் தாளில் தவறினால் ஏனைய தாள்களில் பெற்ற மதிப்பெண் எதற்கும் உதவாது.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும். இவருள் தாமோதரம் பிள்ளை பின்னாளில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிக் காத்த பெருந்தகை. ஆங்கிலத்தில் முதலில் தேறியவரே தமிழுக்கு முதன்மையான தொண்டும் செய்தார். அயல்மொழி கற்றால் தாய்மொழி அழியும் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக.

திருச்சியின் இரு நண்பர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சியில் நண்பர் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை; மற்றவர் அருகிலுள்ள குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை. முன்னவர் நிகண்டும் இலக்கணமும் கரைகண்ட தமிழ்க்கடல். பின்னவர் தமிழோடு ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்து, முன்சீப் பதவி வரை உயர்ந்தவர். வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். 1879இல் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தையும் அளித்தார். தமிழர்க்கு நீதி வழங்கும் மன்றத்தில் தமிழறியாத வாதமும் தீர்ப்பும் நிகழ்வதை அந்நாவலில் அவர் கடுமையாகச் சாடினார். ஆங்கிலம் அறியாதவர் அதனைச் சாடியிருந்தால் ஆற்றாமை என்று தள்ளியிருப்பர். அறிந்தவர் சாடியதால் உலகம் செவிசாய்த்தது.

மகாவித்துவானின் மாணாக்கர் வரிசையில் உ. வே. சாமிநாதையரோடு நாகூர் குலாம் காதிறு நாவலரும் இடம்பெறுகிறார் என்பது நமக்குப் பெருமை தருவது. 1833 முதல் 1908 வரை வாழ்ந்த நாவலர் ஆங்கில நாவலாசிரியர் ரெய்னால்ட்ஸின் கதையைத் தழுவி 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' தந்தார். நம் புலவர்கள் அயல்மொழிச் செல்வத்துக்குக் கதவடைத்தவர்கள் அல்லர் என்பதற்கு அவர் சான்று.

கல்லூரிகளின் நகரம்

பிரெஞ்சு நாட்டு இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883இல் திருச்சித் தெப்பக்குளத்தருகே வந்து சேர்ந்தது. 1826இல் இந்நகரில் நீரில் மூழ்கி மறைந்த ஹீபர் அத்தியட்சரின் பெயரால் ஒரு கல்லூரி நிலவியது. தேசியக் கல்லூரி 1919இலும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923இலும் எழுந்தன. காவிரிப் பாசனப் பகுதியின் ஊர்களிலிருந்தெல்லாம் மாணவர் இங்கே வந்து குவிந்தனர். பாலத்தின் அப்பாலிருந்த திருவரங்கத்திலிருந்து அமரகோசம் கற்ற குடும்பத்துப் பிள்ளைகள் நாள்தோறும் திருச்சிக்கு வந்து ஷேக்ஸ்பியரும் மில்டனும் பயின்றனர். நிகண்டை மனனம் செய்து பழகிய நாவு ஆங்கில அகராதியையும் மனனம் செய்யத் தயங்கவில்லை.

ஆனால் மனனமே தேர்வின் இலக்காக மாறியபோது கேடும் விளைந்தது. பாடநூலைப் படியாமல் அதன் குறிப்பு நூலை மட்டும் உருப்போட்டுத் தேறும் வழக்கம் நாடெங்கும் பரவியது. கர்சன் பிரபு 1902இல் அமைத்த பல்கலைக்கழக ஆணையமே இதனைப் பெருங்குறையாகச் சுட்டியது.

தேர்வு முறை எத்துணை இரக்கமற்றது என்பதைக் காட்டக் கும்பகோணத்து நிகழ்ச்சி ஒன்று போதும். கணித மேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்த அவர் ஆங்கிலத் தாளில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று, படிப்பும் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. எந்த மொழித் தாள் அவரை வெளியே தள்ளியதோ, அந்த மொழியின் தாயகமே பின்னர் அவரை அழைத்து 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக்கியது. வாயிற்காவலன் விரட்டியவனை வீட்டுக்காரன் எதிர்கொண்டு அழைத்த கதை இது. ஆயினும் ராமானுஜன் ஒருவரே. அவரைப்போல் விரட்டப்பட்டு, அழைப்பார் எவருமின்றி மறைந்த இளைஞர்களுக்கு வரலாற்றில் பெயரில்லை.

நம் சமுதாயம் பின்தங்கியது ஏன்?

தமிழக முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியில் காலம் தாழ்த்தியே இறங்கினர் என்பது மறைக்க முடியாத உண்மை. 1871இல் மேயோ பிரபுவின் தீர்மானமும், 1882இல் ஹன்டர் கல்வி ஆணையமும் முஸ்லிம்களின் கல்விக்குத் தனிக்கவனம் தேவை என்று கூறும் நிலையில் அன்று நாடு முழுவதும் நம் நிலைமை இருந்தது.

இதற்கு மார்க்கப் பிடிவாதம் ஒன்றே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. முதலாவது, ஆங்கிலத் தேர்வின் பயன் அரசு உத்தியோகம். நம்மவர் பெரும்பாலும் வணிகர். மீசை அரும்பும் முன்னரே பிள்ளைகளை இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சபர் அனுப்பிய குடும்பங்களுக்கு மெட்ரிகுலேஷன் எதற்கு? இரண்டாவது, பள்ளிகளில் பல பாதிரிமார் நடத்தியவை. பிள்ளை மாறிப்போவான் என்ற அச்சம் பெற்றோரை ஆட்டியது. மூன்றாவது, அன்னிய ஆட்சியின்மேல் கொண்ட வெறுப்பு அவ்வாட்சியின் மொழியின்மேலும் படர்ந்தது. பெண்மக்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வயது வந்ததும் பள்ளி நின்றது.

இவற்றுள் எதுவும் மார்க்கத்தின் கட்டளையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் எழுத்தராகிய ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அரைத் திங்கள் கழியும் முன்னரே அவர் அதைக் கற்றுத் தேர்ந்து, கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் வல்லவரானார் என்று திர்மிதியில் காண்கிறோம். பிற மொழி கற்பது காரியத்துக்கு வேண்டிய கடமை. அதில் விரைவும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

காலப்போக்கில் நம்மவரும் விழித்தனர். வடக்கே சர் சையிது அகமது கான் 1875இல் அலிகாரில் பள்ளியைத் தொடங்கினார். தெற்கே 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் உருவாயிற்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் 1951இல் ஜமால் முகமது கல்லூரி தோன்றியது. ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய வள்ளல்களின் பெயர் அதனோடு என்றும் பிணைந்திருக்கும். அவ்விருவரும் வணிகர்களே என்பதைக் கருதுக. வணிகத்தால் ஆங்கிலக் கல்வியைத் தவிர்த்த சமுதாயம், வணிகத்தின் செல்வத்தாலேயே அக்கல்விக்கு வீடு கட்டியது.

ஒரே வகுப்பறைக் காலத்து இருவர்

ஜமால் முகமது கல்லூரி தோன்றுவதற்கு ஓராண்டு முன்னர், 1950இல், இராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன் திருச்சி சூசையப்பர் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். அவர் முன்பு பயின்றது இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. பார்சி கற்றுத் திருச்சியில் பள்ளி தொடங்கிய அதே சுவார்ட்ஸின் பெயர் தாங்கிய பள்ளி. அம்மாணவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். தேர்வுக் கணக்குப்படி தாம் சிறந்த மாணவர் அல்லர் என்று தம் வரலாற்றில் அவரே குறித்திருக்கிறார். சூசையப்பர் கல்லூரியின் இறுதியாண்டில் ஆங்கில இலக்கியத்தில் சுவை பிறந்து, டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் நூல்களைப் படித்ததாகவும் அதில் கூறுகிறார்.

அவர் பௌதிகம் பயின்ற அதே கல்லூரியில், அதே ஆண்டுகளில், திருவரங்கத்துப் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் என்ற மாணவரும் பௌதிகம் பயின்றார். திருவரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து வந்த அவரே பின்னாளில் சுஜாதா என்ற புனைபெயரில் தமிழகம் முழுதும் அறிந்த எழுத்தாளர். இருவரும் 1954இல் பட்டப் படிப்பை முடித்துச் சென்னை எம்.ஐ.டி.யிலும் பயின்றனர். கலாமின் எம்.ஐ.டி. சேர்க்கைச் செலவுக்காக அவர் சகோதரி ஸுஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார் என்பது நாடறிந்த செய்தி.

ஒருவர் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. மற்றவர் வைணவ வீட்டுப் பிள்ளை. இருவர்க்கும் வீட்டுமொழி தமிழ். இருவரும் ஆங்கிலத்தைச் சொற்பட்டியலாகக் கொள்ளாமல், கதையாகவும் அறிவியலாகவும் படித்து உட்கொண்டனர். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு உலகெங்கும் பரவியது. மற்றவர் அறிவியலைத் தமிழில் எளிதாகச் சொல்லி ஒரு தலைமுறையையே படிக்க வைத்தார். பெற்ற சொல்லை ஒருவர் வெளியே கொண்டு சென்றார். ஒருவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

இன்றைய வாயில்கள்

இன்று வாயில்கள் பல. அவற்றுள் சில தமிழுக்கும் திறந்துள்ளன. மருத்துவத்துக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 2017இலும், பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 2021இலும் வந்தன. ஆனால் சட்டத்தின் வாயிலும் மேலாண்மையின் வாயிலும் இன்னும் ஆங்கிலத்தின் வசமே உள்ளன. திருவரங்கம் வட்டத்து நவலூர் குட்டப்பட்டில், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2011இல் வந்த இந்திய மேலாண்மைக் கழகமும் திருச்சிக்கு அருகே இருக்கிறது. இரண்டிலும் இடம்பெற, நாடு முழுவதற்குமான ஆங்கில வழித் தேர்வுகளை எழுதியாக வேண்டும். வீட்டுவாசலில் கல்லூரி, ஆனால் வாசற்கதவின் பூட்டு ஆங்கிலச் சொல்.

இங்கே பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டிய மாற்றம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய 'சாட்' என்னும் கல்லூரித் தேர்வு நெடுங்காலம் அரிய சொற்களின் பொருளையும் உறவையும் தனித்தனியே கேட்டு வந்தது. மூட்டை மூட்டையாகச் சொற்களை மனனம் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். ஆனால் சொல்லுறவு வினாக்களை அத்தேர்வு 2005இல் கைவிட்டது. அரிய சொல்லால் வாக்கியத்தை நிரப்பும் வினாக்களை 2016இல் கைவிட்டது. நம் நாட்டில் சட்டக் கல்விக்கு 2008 முதல் நடைபெறும் 'கிளாட்' பொது நுழைவுத் தேர்வும் 2020 முதல் இவ்வழிக்கு மாறிவிட்டது. ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றைத் தந்து, அதன் கருத்தையும், அவ்விடத்தில் ஒரு சொல் எப்பொருளில் வந்துள்ளது என்பதையும் அது வினவுகிறது.

இதன் பொருள் என்ன? தனிச் சொல்லை நெட்டுருப் போட்டவனைவிட, நூலைப் படித்துச் சொல்லை இடமறிந்து உணர்ந்தவனே இனி முந்துவான். நூறாண்டு சுற்றித் தேர்வாளர் வந்து சேர்ந்த இடம், நம் முன்னோர் நின்ற இடந்தான்: நிகண்டு காப்பியத்துக்காகவே.

வேரறிந்து சொல்லறிதல்

சொல்லை நினைவில் நிறுத்த நம் மத்ரஸாக் கல்வி அளித்துள்ள சிறந்த கருவி ஒன்றுண்டு. அதுவே 'ஸர்ஃபு' என்னும் சொல்லாக்க இலக்கணம். 'க-த-ப' என்ற மூன்றெழுத்து வேரை அறிந்த மாணவனுக்குக் கிதாபு, காதிபு, மக்தபு, மக்தூபு ஆகிய சொற்களைத் தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை. நூல், எழுதுபவன், எழுதப் பயிலும் இடம், எழுதப்பட்டது என்று அவை தாமே விளங்கும்.

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. எழுதுதல் என்னும் பொருளுடைய 'ஸ்கிரைப்' என்ற இலத்தீன் வேரை எடுத்துக்கொள்வோம். 'டிஸ்கிரைப்' என்றால் எழுதி விளக்குதல், அதாவது வருணித்தல். 'பிரிஸ்கிரைப்' என்றால் முன்னெழுதித் தருதல். மருத்துவர் மருந்து எழுதுவது. 'இன்ஸ்கிரிப்ஷன்' என்றால் உள்ளே பொறித்தது, கல்வெட்டு. 'மேனுஸ்கிரிப்ட்' என்றால் கையால் எழுதியது, ஏட்டுப் பிரதி. 'சப்ஸ்கிரிப்ஷன்' என்றால் அடியில் கையெழுத்திடுதல். இதழ் வாசகர் செலுத்தும் சந்தாவுக்கும் அதுவே பெயர். ஒரு வேர் அறிந்தால் ஐந்து சொல். நூறு வேர் அறிந்தால் எத்தனை என்று கணக்கிட்டுக் கொள்க. வேரும் அதனோடு சேரும் முன்னொட்டும் பின்னொட்டும் அறிந்தவன், முன் காணாத சொல்லையும் தேர்வு மண்டபத்தில் ஓரளவு உய்த்துணர முடியும். மத்ரஸாவில் ஓதிய பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்குவான் என்பது பழமொழிபோல் ஆகிவிட்டது. முறையறிந்து கற்பித்தால் அவனே முந்துவான்.

மேலும், நாம் அஞ்சும் இவ்வாங்கிலம் நமக்கு முழுதும் அன்னியமும் அன்று. 'அல்ஜீப்ரா' என்பது ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் வரும் 'அல் ஜப்ர்'. கணிப்பொறியாளர் நாள்தோறும் கூறும் 'அல்காரிதம்' அவர் பெயரின் திரிபே. 'காட்டன்' நம் 'குத்ன்'. 'டாரிஃப்' நம் 'தஃரீஃப்'. பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மேகசின்' என்ற சொல்லும் கிடங்கு என்னும் பொருளுடைய 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. திருச்சிக் கோட்டையில் வெடித்த மருந்துக் கிடங்குக்கும், 1731இல் இலண்டனில் தோன்றிய ஓர் இதழுக்கும் அச்சொல்லே பெயராயிற்று. ஒன்றில் வெடிமருந்து, மற்றதில் அறிவு மருந்து.

தமிழும் தன் பங்கை ஈந்துள்ளது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. உறையூர்ச் சுருட்டின் புகழால் 'டிரிச்சினாபோலி' என்னும் ஊர்ப்பெயரே ஒருவகைச் சுருட்டுக்குப் பெயராகி ஆங்கிலத்தில் வழங்கியது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் புகைத்தது அச்சுருட்டே என்பதைத் துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கண்டறிகிறார். நம் ஊரும் மொழியும் கலந்த ஒரு மொழியைக் கண்டு நம் பிள்ளைகள் கூசி நிற்பானேன்?

பெற்றோர் கடன்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மனனம் இழிவன்று. ஆனால் அது தொடக்கமேயன்றி முடிவன்று. பிள்ளையின் கையில் சொற்பட்டியல் இருப்பது நன்று. அதனுடன் நாள்தோறும் படிக்க ஒரு நல்ல நூலும், ஒரு செய்தித்தாளும் இருத்தல் வேண்டும். கண்ட புதுச்சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்கும் குறிப்பேடு ஒன்றும் வேண்டும். வாக்கியத்தோடு கற்ற சொல் நெஞ்சை விட்டு நீங்காது.

இரண்டாவது, தேர்வு நெருங்கும்போது மட்டும் விழிப்பது பயன் தராது. நிகண்டைத் தொடங்கியது பிள்ளைப் பருவத்தில். ஆங்கிலச் சொல்லையும் ஆறாம் வகுப்பிலேயே, நாளுக்கு ஐந்தென்று தொடங்கினால், மேனிலை வகுப்புக்குள் சுமையின்றிப் பல்லாயிரம் சேரும். மகனுக்குச் செய்வதை மகளுக்கும் செய்க. தம்பியின் படிப்புக்காக வளையலை அடகு வைத்த சகோதரியை நாம் புகழ்கிறோம். அடுத்த தலைமுறைச் சகோதரி வளையலோடு பட்டமும் அணியட்டும்.

மூன்றாவது, ஆங்கிலம் கற்பது தமிழையும் அரபையும் விற்று வாங்கும் பொருளாகிவிடலாகாது. தாமோதரம் பிள்ளை தமிழை மீட்டார். வேதநாயகம் பிள்ளை தமிழுக்கு நாவல் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பார்சி, உருதுத் துறையை நடத்திய முகம்மது ஹுஸைன் நயினார், வாலாஜா நவாபுகளின் பார்சி வரலாற்று நூலை ஆங்கிலமாக்கி உலகுக்களித்தார். இவர்கள் எல்லோரும் ஒரு மொழியைப் பெற மற்றொன்றை இழந்தவர் அல்லர்.

பார்சி நாணயம் செல்லாமற்போன நாளில் நம் முன்னோர் திகைத்து நின்றனர். அந்தத் திகைப்பின் விலையை மூன்று தலைமுறை செலுத்தியது. நவலூர் குட்டப்பட்டின் வாயில் முன் நிற்கும் பிள்ளை அவ்விலையை மீண்டும் செலுத்தக் கூடாது. அவன் கையில் திறவுகோலை வைக்க வேண்டிய காலம் தேர்வு மாதமன்று. அவன் முதல் நூலைப் புரட்டும் இந்நாளே.